பத்திரிகை முதலில் குரூப்பில் போய்விட்டது, தம்பி சரியாகப் பேசுவதில்லை

நிலக்கோட்டைக்காரி — செவ்வாய், இரவு 9.40

வணக்கம். இங்கே இதுவரை சமையல் பகுதியில் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். மனசு கேட்கவில்லை.

போன ஆவணியில் மூத்த மகளுக்குக் கல்யாணம் முடித்தோம். எனக்குக் கூடப் பிறந்தது ஒரே தம்பி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவன்தான். மகளுக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைத்ததும் அவன், சடங்குக்குக் குச்சு கட்டியதும் அவன்.

பத்திரிகையைச் சிவகாசியில் அடிக்கக் கொடுத்திருந்தோம். வந்ததும் முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, அடுத்தது தம்பி வீட்டுக்கு, அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கு என்று நானும் வீட்டுக்காரரும் பேசி வைத்திருந்தோம். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அச்சகத்திலிருந்து பத்திரிகையைப் படமாக என் மகன் போனுக்கு அனுப்பினார்கள். அவனுக்கு இருபது வயது. அக்கா கல்யாணம் என்ற சந்தோஷத்தில் அதை அப்படியே சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டான். குரூப்பில் 74 பேர். பத்து நிமிடத்தில் வாழ்த்து குவிந்துவிட்டது. நான் அப்போது பூ மார்க்கெட்டில் இருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது மணி ஏழு.

உடனே தம்பிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்று மகனைப் பார்க்கச் சொன்னேன். தம்பி பெயரும் இருந்தது.

நான்காம் நாள் பத்திரிகை கைக்கு வந்ததும் கோயிலுக்குப் போய்விட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்துத் திருப்பூர் போனோம். தட்டை வாசலிலேயே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "ஏற்கெனவே பாத்துட்டேன்க்கா" என்றான். கல்யாணத்துக்கு வந்தான். தாய்மாமன் சீரில் ஒரு குறையும் வைக்கவில்லை. மாலை போட்டான். தாலி கட்டி முடிந்ததும் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டான். பந்தியில் அவனுக்குப் பக்கத்து இலை பிடித்து வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் காத்திருந்தார்.

எட்டு மாதம் ஆகிறது. காலையில் நான் வணக்கம் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் வருகிறது. போன் செய்தால் "வேலையா இருக்கேன்க்கா, அப்புறம் கூப்பிடுறேன்." கூப்பிடுவதில்லை. எல்லாரும் இது சின்ன விஷயம் என்கிறார்கள். எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை. பெரியவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரூர் தறி — செவ்வாய், இரவு 10.25

அக்கா, மனசை வருத்திக்கொள்ளாதீர்கள். நீங்கள் நேரில் போய்த் தட்டு வைத்துத்தான் அழைத்திருக்கிறீர்கள். அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

என் கல்யாணம் 2021 ஜூனில், ஊரடங்கில் நடந்தது. ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது. பத்திரிகையே அடிக்கவில்லை. எல்லாருக்கும் வாட்ஸ்அப்தான், என் சொந்த மாமாவுக்கும் சேர்த்து. ஒருவரும் கோபப்படவில்லை. காலம் மாறிவிட்டது. இப்போது வருகிற எந்தப் பத்திரிகையைப் பார்த்தாலும் "இதையே நேரில் அழைத்ததாக ஏற்று" என்று ஒரு வரி இருக்கிறது. 400 வீடு ஏறி இறங்க யாரால் முடிகிறது? லீவு கிடைக்குமா, பெட்ரோல் என்ன விலை?

உங்கள் தம்பி கொஞ்ச நாளில் சரியாகிவிடுவார்.

பழைய தபால்காரர் — புதன், காலை 6.10

அம்மா, 37 வருடம் தபால் கொண்டு போனவன் நான். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்லலாம் என்று தோன்றுகிறது.

கல்யாணப் பத்திரிகை புக் போஸ்ட்டில் வரும். உறையை ஒட்டியிருக்க மாட்டார்கள், நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். முகூர்த்த மாதத்தில் கட்டைப் பிரித்தால் என் விரலெல்லாம் மஞ்சளாகிவிடும். சாவுச் செய்தி கார்டில் வரும். அதில் ஒரு மூலையைக் கிழித்திருப்பார்கள். வாசலிலேயே நின்று படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் கொண்டு போக மாட்டார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே படித்துச் சொல்லியிருக்கிறேன். மூலை கிழிந்த கார்டு பையில் இருந்தால் அன்றைக்கு அந்த வீட்டுக்குக் கடைசியாகத்தான் போவேன். ஒரு வாய் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று.

தந்தியும் பார்த்திருக்கிறேன். 2013 ஜூலை 14-ஆம் தேதியோடு நின்று போனது. வாழ்த்துத் தந்திக்கென்று எண் போட்ட வாசகங்கள் இருந்தன. எண்ணைச் சொன்னால் போதும், வாசகம் போய்விடும். அதனால் இன்றைக்குப் பிள்ளைகள் ஒரு பொம்மைப் படத்தை அனுப்பி வாழ்த்துவதைப் பார்த்து நான் குறை சொல்ல மாட்டேன். தயாராக இருக்கிற வாழ்த்தை எடுத்து அனுப்புவது பழைய வழக்கம்தான்.

ஆனால் ஒரு விஷயம். தாய்மாமனுக்குத் தபாலில் வந்த பத்திரிகையை நான் கொண்டு போய்க் கொடுத்ததாக எனக்கு நினைவே இல்லை. தபால் தூரத்துச் சொந்தத்துக்கு, கூட வேலை பார்ப்பவர்களுக்கு. யார் வீட்டுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போக வேண்டும், யார் வீட்டுக்கு ஒருத்தர் போனால் போதும், யாருக்குத் தபால், இதில் முதலில் யார், அப்புறம் யார் என்று ஒரு வரிசை இருந்தது. அதைத்தான் முறை என்றோம். மாமன் முறை, அத்தை முறை என்று உறவுக்கும் அதே சொல். முறை செய்வது என்று சீருக்கும் அதே சொல். என் முறை, உன் முறை என்று வரிசைக்கும் அதே சொல்.

குரூப்பில் அந்த வரிசை இல்லை. எல்லாருக்கும் ஒரே நொடியில் போய் விழுகிறது. உங்கள் தம்பி அந்த ஒரு சாயங்காலம் 74 பேரில் ஒருவராக நின்றுவிட்டார். அவர் வாசலில் தட்டை வாங்கிக்கொண்டு சொன்னாரே ஒரு வார்த்தை, அதில் எல்லாம் இருக்கிறது.

கரூர் தம்பி, உங்கள் கல்யாணத்தில் மாமா கோபப்படாததற்குக் காரணம், அன்றைக்கு யாருமே யார் வீட்டுக்கும் போக முடியவில்லை. நேரில் போக வழியிருந்தால் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போயிருப்பீர்கள் என்று அவருக்கே தெரியும்.

ஒரு தாய்மாமன் — புதன், மதியம் 1.30

எனக்கு மூன்று அக்கா. உங்கள் தம்பி பேசுவதாக நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

அக்கா மகளுக்கு இடம் கூடி வருகிறது என்று காதில் விழுந்த அன்றைக்கே மாமன்காரன் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவான். சீட்டு எடுப்பதா, இருக்கிற நகையை வைப்பதா, முதலாளியிடம் முன்பணம் கேட்பதா. அது பாரமாகத் தெரிவதில்லை. ஏனென்றால் ஒரு நாள் அக்கா வருவாள், நடுவீட்டில் உட்கார்ந்து தண்ணி வாங்கிக் குடிப்பாள், "தேதி வச்சாச்சுடா, நீதான் முன்ன நின்னு நடத்தணும்" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருப்பான்.

எனக்கும் இதே நடந்தது, நாலு வருடத்துக்கு முன்னால். நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கையெல்லாம் கிரீஸ். போன் சத்தம் வந்தது. தூரத்துச் சொந்தம் ஒருத்தர் ஒரு பத்திரிகையை அனுப்பியிருந்தார். மேலே சின்ன எழுத்தில் ஃபார்வர்டு என்று இருந்தது. அதற்குக் கீழே என் அக்கா மகள் பெயர். பக்கத்தில் நின்றிருந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க வீட்டுக் கல்யாணமா? சொல்லவே இல்லையே" என்றான். "தேதி பாத்ததே நான்தானடா" என்றேன்.

பொய். அக்கா மேல் இருந்த கோபம் ஒரு மாதத்தில் போய்விட்டது. அந்தப் பையன் முன்னால் பொய் சொன்னது மட்டும் இன்றைக்கும் உறுத்துகிறது.

அக்கா, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திருப்பூர் போனபோது குரூப்பில் போனதைப் பற்றி வாய் விட்டுப் பேசினீர்களா? இல்லை, பத்திரிகையை மட்டும் வைத்துவிட்டு வந்தீர்களா?

நெறியாளர் — புதன், மதியம் 2.05

இழைக்குக் கொஞ்சம் வெளியே, ஆனால் அவசியம் என்பதால். தெரியாத எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு (செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் திறக்காதீர்கள். போனில் நிறுவிக்கொண்டால் வங்கிக் கணக்கில் கை வைத்துவிடுவார்கள். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், செயலியாக வராது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். தொடருங்கள்.

ஸ்காபரோ யாழ் — புதன், இரவு 11.50

எங்கள் பக்கத்துக் கதை கல்யாணம் இல்லை, செத்தவீடு. வரிசை என்று ஐயா எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் தவறினால் வானொலியில் மரண அறிவித்தல் போகும். அன்னார் இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும் என்று பெயர் பெயராக வாசிப்பார்கள். லண்டனில் இருக்கிறவர், கனடாவில் இருக்கிறவர், ஒருவரையும் விட மாட்டார்கள். சின்ன வயதில் அது எனக்கு வீண் நீட்டலாகத் தெரிந்தது. இப்போது விளங்குகிறது. செத்தவர் யார் யாருக்கு என்னவாக இருந்தார் என்பதைச் சொல்லி, அவரவருக்குரிய இடத்தைக் கொடுத்துவிட்டுத்தான் செய்தியை முடிப்பார்கள்.

அம்மம்மா தவறி இரண்டு வருடம். அன்று இங்கே கனடாவில் விடிய நாலு மணி, அங்கே பகல் ஒன்றரை. நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். பேஸ்புக்கில் ஊரவர் ஒருவர் அம்மம்மாவின் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி என்று எழுதியிருந்தார். அதன் கீழே நூற்றுக்கும் மேல் ஆட்கள் எழுதிவிட்டார்கள். அம்மா பக்கத்து அறையில் நித்திரை. தன் தாய் போனதை மகள் அறிய முன் பேர்த்தி அறிந்தேன், பேர்த்தி அறிய முன் ஊர் அறிந்துவிட்டது. நான் அந்தக் கதவுக்கு வெளியே அரை மணித்தியாலம் நின்றேன். மாமா ஊரில் இருந்து வைபரில் அம்மாவுக்கு எடுத்துச் சொல்லும்வரை நின்றேன். அதை அம்மாவுக்குச் சொல்லும் உரிமை மாமாவுக்குத்தான் என்று எனக்குப் பட்டது.

இதை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. தொண்ணூறுகளில் அம்மப்பா தவறியபோது செய்தி கடிதமாகக் கொழும்பு சுற்றி வந்தது. இங்கே அம்மாவின் கையில் கிடைத்தபோது அங்கே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. அழுவதற்குக்கூட நேரம் கடந்து போயிருந்தது. அம்மம்மாவின் செத்தவீட்டை அம்மா முழுக்கப் பார்த்தார். மச்சான் ஒருவன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். வாய்க்கரிசி போடுகிற நேரம் அம்மா குசினிக்குப் போய் ஒரு பிடி அரிசி எடுத்து வந்து போனுக்கு முன்னால் நின்றார். எங்கே போடுவது? பிறகு அந்த அரிசியைச் சாமித் தட்டில் கொண்டுபோய் வைத்தார். அதை எடுத்து உலையில் போடவும் இல்லை, கொட்டவும் இல்லை. இன்றும் ஒரு சிமிழில் இருக்கிறது.

நிலக்கோட்டைக்காரி — வியாழன், இரவு 8.15

எல்லாரும் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஸ்காபரோ அம்மா, உங்கள் அம்மா கையில் அரிசியோடு நின்றதை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவருடைய அப்பா போனபோது இவர் சவூதியில் இருந்தார்.

தாய்மாமன் தம்பி, நீங்கள் கேட்டது சரியான இடத்தில் பட்டது. பேசவில்லை. பஸ்ஸில் போகும்போதே வீட்டுக்காரரிடம், "குரூப் விஷயத்தை நாமளா எடுக்க வேண்டாம், எடுத்தா பெருசாயிரும்" என்று சொன்னதே நான்தான். ஒன்றுமே நடக்காத மாதிரி தட்டை நீட்டினேன்.

முதலில் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ராத்திரி 11.40-க்குத் தம்பி குரூப்பில் ஏதோ எழுதியிருக்கிறான். நான் காலையில் பார்க்கும்போது இந்த மெசேஜ் நீக்கப்பட்டது என்ற வரிதான் இருந்தது. அவனே அழித்திருக்கிறான். யாரும் படித்ததாகச் சொல்லவில்லை. திட்டியிருப்பானோ, என்ன எழுதியிருப்பானோ என்று எட்டு மாதமாக அந்த வரியைத் தேடித் தேடி எடுத்துப் பார்க்கிறேன். பழைய காலம் என்றால் அவன் கோபத்தில் கத்தியிருப்பான், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அம்மா நடுவில் வந்து இரண்டு பேரையும் வைதிருப்பாள். இதில் எதைப் பிடித்துப் பேசுவது?

மன்னை மருமகள் — வெள்ளி, காலை 10.40

அழிக்காத மெசேஜும் பாடாய்ப் படுத்தும் அக்கா.

கல்யாணமாகி வந்த புதிதில் புகுந்த வீட்டு குரூப்பில் அவசரமாகத் தட்டிய ஒரு வரி, "அத்தை வரலைன்னு சொல்லிட்டா." சொல்லிட்டாங்க என்று இருக்க வேண்டும். கடைசி இரண்டு எழுத்து விழவில்லை. நேரில் பேசும்போது எனக்கு அப்படி ஒரு நாளும் வந்ததில்லை. வாய் தவறினாலும் முகத்தைப் பார்த்தே விட்டுவிடுவார்கள். எழுத்தில் முகம் இல்லை. நாத்தனார் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு குரூப்பில் போட்டுவிட்டார். நான் பத்து நிமிடத்தில் திருத்தி எழுதினேன். அந்தப் படம் இன்னும் யார் யார் போனிலோ இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் அத்தைக்கு எழுதுவதை விட்டுவிட்டுக் குரல் பதிவாக அனுப்ப ஆரம்பித்தேன். அவர்களும் அப்படியே அனுப்பப் பழகினார்கள். அடுப்படியில் நின்றுகொண்டு பேசுவார்கள். கடுகு வெடிப்பது கேட்கும், பால்காரர் மணி கேட்கும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த இறுக்கம் தளர்ந்தது அதில்தான். 2021-இல் வேகமாக ஓட விட்டுக் கேட்கிற வசதி வந்தது. ஆபீஸ் அவசரத்தில் நானும் இரட்டை வேகத்தில் கேட்கத் தொடங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையல் செய்துகொண்டே பழைய பதிவு ஒன்றைச் சாதாரண வேகத்தில் கேட்டேன். அத்தைக்கு இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்குகிறது. வேகத்தில் ஓட விட்டபோது அது எனக்குக் கேட்கவே இல்லை. முந்தைய பதிவுகளையும் போட்டுப் பார்த்தேன், மூன்று வாரமாகவே அப்படி இருந்திருக்கிறது. அன்றைக்கு மாலையே ஊருக்குப் போய் டாக்டரிடம் கூட்டிப் போனோம். இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறார்கள்.

அதிலிருந்து அவர்கள் அனுப்புவதை வேகத்தில் கேட்பதில்லை. மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம்.

விரல்மொழி — வெள்ளி, மாலை 4.20

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இந்த இழையில் அவனைப் பற்றியும் ஒரு பதிவு இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் எல்லாரும் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவனுக்குப் போன் என்றால் எஸ்எம்எஸ் மட்டும்தான். சைகைதான் அவனுடைய மொழி. நாம் எழுதும் தமிழ் அவனுக்கு மெனக்கெட்டுப் படித்துக்கொண்ட இரண்டாவது மொழி. "எப்ப வர்ற" என்று அனுப்பினால் "நாளை" என்று வரும். அதற்கு மேல் போகாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானது. அதே நவம்பரில் வாட்ஸ்அப்பில் வீடியோ கால் வந்தது. போனை எவர்சில்வர் தம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் ஒரு மணி நேரம் பேசினான். பள்ளிக்கூட நண்பனை ஏழு வருடம் கழித்து அப்படித்தான் பார்த்தான். என் அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் இவ்வளவு பேசுவான் என்று அம்மாவுக்கே அதுவரை தெரியாது.

அவன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தோம்தான். ஆனால் அவன் நண்பர்களை அழைத்தது ஒரு வீடியோ. அவனும் பெண்ணும் சேர்ந்து நின்று தேதி, மண்டபம் எல்லாவற்றையும் கையால் சொன்னார்கள். திருநெல்வேலி, ஓசூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். எங்கள் வீட்டில் அவனுக்கு நேரில் என்பதும் வீடியோ என்பதும் ஒன்றுதான்.

சித்தி மகள் — வெள்ளி, இரவு 9.30

பழைய தபால்காரர் ஐயாவை மதிக்கிறேன். ஆனால் வரிசை என்று சொல்லும்போது அந்த வரிசையின் கடைசியில் நின்றவர்களையும் நினைக்க வேண்டும்.

என் சித்திக்கு 29 வயதில் கணவர் போய்விட்டார். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத் தட்டும் அவர் கைக்கு வந்ததில்லை. எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வருவார்கள், சித்தி அடுப்படிக்குள் போய்விடுவார். தட்டை என் அம்மாவிடம் கொடுத்து, "உங்க தங்கச்சிகிட்டயும் சொல்லிருங்க" என்பார்கள். ஒரே வீட்டில் இருபதடி தள்ளி நிற்கிறவருக்கு இன்னொருத்தர் வாயால் செய்தி. அதுவும் முறைதான், ஐயா.

ஐந்து வருடம் முன்னால் சித்தியும் ஒரு போன் வாங்கினார். குடும்ப குரூப்பில் சேர்த்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த முதல் பத்திரிகை, என் மாமா பேத்தி கல்யாணம், மற்ற எல்லாருக்கும் வந்த அதே நிமிடத்தில் சித்திக்கும் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகூர்த்த நேரம் வரை வாய்விட்டுப் படித்தார். "எனக்கே வந்திருக்கு பாரு" என்றார். அந்தப் படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார்.

74 பேரில் ஒருவராக நிற்பது உங்கள் தம்பிக்கு இறக்கம். என் சித்திக்கு அது ஏற்றம்.

பழைய தபால்காரர் — சனி, காலை 5.55

சித்தி மகளே, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நீங்கள் சொல்வது உண்மை. தபாலிலும் நான் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி பாகம் பிரிந்திருப்பார்கள், அண்ணனுக்கு மட்டும் பத்திரிகை வரும். தம்பி பெண்டாட்டி வாசலில் நின்று, "எங்களுக்கு ஏதாச்சும் இருக்கா" என்று கேட்பார். பையைக் கிளறுவது மாதிரி கொஞ்ச நேரம் நிற்பேன், இல்லை என்று தெரிந்தே.

வரிசை வைத்தவர்கள் யாரையெல்லாம் வெளியே நிறுத்தினார்கள் என்பதை நான் எழுதாமல் விட்டது தவறு. உங்கள் சித்திக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கரூர் தறி — சனி, காலை 9.00

தாய்மாமன் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு என் மாமாவுக்குப் போன் செய்து, கல்யாணத்தப்போ வருத்தமா இருந்துச்சா என்று நேராகவே கேட்டேன். "கொரோனாடா, என்ன பண்ணுவ" என்றார். கொஞ்சம் விட்டு, "ஆனா குரூப்ல போடறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாம்" என்றார். நாலைந்து வருடமாக அதை மனசுக்குள்ளேயே வைத்திருக்கிறார். சின்ன விஷயம் என்கிற தொனியில் முதலில் எழுதியதற்கு மன்னியுங்கள் அக்கா. திருப்பூர் இன்னொரு முறை போய்விட்டு வாருங்கள். இந்த முறை விசேஷம் எதையும் சாக்காக வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

நிலக்கோட்டைக்காரி — திங்கள், இரவு 10.05

நேற்றுப் போயிருந்தேன். தனியாக. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் என்று மூன்று பஸ் மாறி. போன் செய்துவிட்டுப் போனால் வேலை இருக்கிறது என்பான் என்று சொல்லாமலே போனேன்.

அவன் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே போய் உட்கார்ந்தேன். தம்பி பெண்டாட்டி தண்ணி கொடுத்தாள். குடித்துவிட்டு, இங்கே எல்லாரும் சொல்லிக் கொடுத்ததை மறந்துவிட்டு, மனசில் வந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு உன்கிட்ட சொல்லாம ஊருக்கே சொல்லிட்டோம்டா. புள்ள தெரியாம போட்டான். ஆனா நாலு நாள் கழிச்சு வந்தப்ப நான் தெரிஞ்சேதான் பேசாம இருந்தேன். அது என் தப்பு." அவன் ஒன்றும் சொல்லவில்லை. துணியை உதறிப் போட்டுவிட்டு வெளியே போனான். போய்விட்டானே என்று உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கறி வாங்கிக்கொண்டு வந்தான். சாப்பிட்டோம். பையன் படிப்பு, ஓவர்டைம், வீட்டு வாடகை என்று பேசினோமே தவிர இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு வந்து விட்டான். பஸ் கிளம்புவதற்கு முன்னால் நானே கேட்டுவிட்டேன். அன்னைக்கு ராத்திரி என்னடா எழுதி அழிச்ச?

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பந்தக்கால் என்னைக்குக்கா, நான் எப்ப வரணும்னுதான் கேட்டிருந்தேன். அனுப்பிட்டுப் பார்த்தா மேலயும் கீழயும் வாழ்த்துகள், வாழ்த்துகள்னு வரிசையா போகுது. நடுவுல என்னோடது. யாரோ கேக்கற மாதிரி இருந்துச்சு. அழிச்சுட்டேன்."

அவன் அந்த குரூப்பிலேயே இல்லை என்பதும் நேற்றுத்தான் தெரிந்தது. தை மாதமே வெளியேறிவிட்டானாம். இப்போதெல்லாம் ஒருத்தர் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் தெரியுமாம். அட்மின் எங்கள் பெரியப்பா மகன், அவரும் சொல்லவில்லை. திரும்பச் சேர்க்கவா என்று மகன் கேட்டான். வேண்டாம் என்றேன். அவனுக்கு என் நம்பர் இருக்கிறது.

ஒரு தாய்மாமன் — திங்கள், இரவு 10.30

பட்டறையில் உட்கார்ந்து படிக்கிறேன் அக்கா. கறி எடுத்து வந்தான் அல்லவா, போதும். நானும் இந்த வாரம் என் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

நிலக்கோட்டைக்காரி — ஒரு மாதம் கழித்து, புதன், மாலை 6.45

சிலர் தனிமடலில் விசாரித்திருந்தீர்கள், நன்றி. தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறான். முழுக்கப் பழையபடி என்று சொல்ல மாட்டேன், சில நேரம் நடுவில் பேச்சு நின்றுவிடுகிறது. நானும் அவசரப்படுத்துவதில்லை.

ஆவணியில் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது. மகனிடம் போனைத் தொடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நானும் வீட்டுக்காரரும் மகளையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திருப்பூர் போகிறோம். என்ன விசேஷம் என்று இங்கே இப்போது எழுதவில்லை. தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.